கொடிக்கம்பம் பிராணி வளர்த்த கதை

ஒரு ஊரில் நான்கு தெருக்கள் வந்து கூடும் சந்தி ஒன்று இருந்தது. அந்தச் சந்தியின் வடக்கு மூலையில் ஒரு கொடிக்கம்பம் நின்றுகொண்டிருந்தது. வயது ஏறிவிட்டது, ஆனால் அதற்குக் குனியத் தெரியாது. குனியாமல் இருப்பதற்காகவே தன்னை நட்டார்கள் என்று அது நம்பியது.

சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தின் கம்பம் அது. அதற்கு முன்னால் தோல் ஆலை ஒன்றில் நீராவி ஓடிய இரும்புக் குழாயாக இருந்தது. ஆலைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டதைச் சங்கத்தார் கேட்டு வாங்கித் தோளில் தூக்கி வந்தார்கள். மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள்கள். வழியெல்லாம் தோள் மாற்றிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் இறக்கி வைக்கவில்லை. கொத்து வேலை முடித்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே நின்று பீடம் கட்டினார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள்.

முதல் கொடி ஏறிய நாளைக் கம்பம் மறக்கவே இல்லை. கொடிக்குள் செவ்வந்தி இதழ்களை வைத்துக் கட்டியிருந்தார்கள். கயிற்றைச் சுண்டியதும் கொடி விரிந்தது. கீழே நின்றவர்களின் வியர்த்த தலையிலும் கழுத்திலும் இதழ்கள் உதிர்ந்தன. கயிற்றை இழுத்தவர் சங்கச் செயலாளர் தோழர் இருளப்பன். பேச வந்தவர் கீழே உதிர்ந்த இதழ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமலே இறங்கிவிட்டார். பிறகு அந்தக் கம்பத்தடியில் எத்தனையோ பேர் எத்தனையோ மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கம்பத்தின் மனத்தில் தங்கியது அவர் பேசாத அந்தப் பேச்சுதான்.

பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது கஞ்சித் தொட்டி திறந்ததும் அங்கேதான். கல் கூட்டி அண்டா ஏற்றினார்கள். வேலைக்குப் போகாத வீடுகள் எல்லாம் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நின்றன. கஞ்சியின் ஆவி பட்டுப் பட்டுக் கம்பத்தின் அடிப்பாகத்தில் சிவப்பு வர்ணம் உரிந்துபோயிற்று. அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. பதக்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கூட்டம் தன் காலால் நடந்து வந்தது. வேன் வைத்து ஏற்றி வர வேண்டியிருக்கவில்லை. பிரியாணிப் பொட்டலத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கட்டுப்பாடும் அப்படி இருந்தது. காசிமாயன் என்று ஒரு சுமை தூக்கி. எதிர்ச் சங்கத்துக்காரன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தான் என்று இதே கம்பத்தடியில் அவனை நீக்கினார்கள். கல்யாணப் பெண் அவனுடைய சொந்த அக்கா மகள். அதைச் சொல்ல அவன் வாயெடுத்தபோது ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். நீக்கப்பட்டவனோடு பேசக் கூடாது. எதிரே வந்தால் பார்க்கவும் கூடாது. அது சங்கத்து வழக்கம். காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கம்பம் அவனைப் பார்க்கவில்லை; வானத்தைப் பார்த்து நின்றது. பிறகு இன்னொருவனை நீக்கினார்கள். பிறகு இன்னொருவனை. கடைசியில் சங்கமே இரண்டாக உடைந்து, ஒரு பாதி மற்றப் பாதியை நீக்கியது.

மே தினத்தன்று தெருவை அடைத்து நின்ற கூட்டம் நடைபாதைக்குள் அடங்கியது. அப்புறம் டீக்கடை பெஞ்சுக்குள் அடங்கியது. போன வருஷம் இருளப்பன் மட்டும் வந்தார். தாமே கொடியைக் கட்டி, தாமே கயிற்றை இழுத்து, தாமே கை தட்டிவிட்டு ஒரு டீ குடித்துப் போனார். இந்த வருஷம் அவரும் வரவில்லை.

"இருளப்பண்ணனுக்கு முட்டி மடங்க மாட்டேங்குதாம். மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாக. இனிமே எங்கிட்டு வரப்போறாரு" என்று டீக்கடை அங்கம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பத்தின் காதில் அது விழுந்தது.

பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும், ஆனால் மனசு நல்லது.

"ஏப்பா, நீ ஏதாச்சும் வளக்கலாம்ல?" என்றது டிரான்ஸ்பார்மர்.

"எதை வளர்ப்பது? இயக்கத்தையா?" கம்பத்துக்கு மேடைப் பேச்சுதான் வரும். பேச்சுவழக்கு வராது.

"அது ஒன்னால ஆகல, பாத்தாச்சு. ஒரு பிராணிய வள. எனக்குக் காக்கா இருக்கு. விடிஞ்சா அதுக கத்துற கத்துல என் மொனகல் எனக்கே கேக்குறதில்ல. அந்தத் தபால் பெட்டியப் பாரு. கடுதாசி விழுந்து எவ்வளவு நாளாச்சு. உள்ள ஒரு பல்லி குடும்பம் நடத்துது. உள்ள ஆளிருக்குன்னு அதுக்கு ஒரு தெம்பு."

"தொழிலாளர் வர்க்கத்தின் கொடியைச் சுமந்தவன் பல்லி வளர்ப்பதா?"

"ஒன்னையப் பல்லி வளக்கச் சொல்லல. ஒனக்கு ஒத்து வர்றத வளங்கிறேன். ஆசைப்படுறது வேற, ஒத்து வர்றது வேற. நீ எடத்த விட்டு நகர மாட்ட. அதனால அது தானா வந்து போகணும். வெயில்ல நிக்கிற, அதனால வெயில் தாங்கணும். ஒன் பேச்சு ரொம்ப நீளம். அதனால அதுக்குப் பொறும வேணும்."

கம்பம் இரண்டு நாள் யோசித்தது. பிறகு தனக்குத் தெரிந்த முறையில் காரியத்தைத் தொடங்கியது. விண்ணப்பிக்கும் பிராணிகள் நேர்காணலுக்கு வரலாம் என்று சந்திக்கே கேட்கும்படி அறிவித்தது.

முதலில் வந்தது ஒரு வெள்ளாடு.

"உன் கொள்கை என்ன?" என்று கம்பம் கேட்டது.

"பசைங்க."

"என்ன?"

"போஸ்டருக்குப் பின்னாடி தடவுறாகள்ல, மைதாப் பசை. அது நல்லா இருந்தாச் சரி. எந்தக் கட்சின்னு நான் பாக்குறதில்ல."

"எங்கள் மாநாட்டுச் சுவரொட்டிகளைத் தின்றது நீதானா?"

"அதுல மை ரொம்பச் சாஸ்தி. வயித்தால போச்சு. நானே வந்து ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

ஆடு திருப்பி அனுப்பப்பட்டது. போகும்போது பீடத்தில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு கண்ணீர் அஞ்சலியைக் கிழித்து மென்றுகொண்டே போயிற்று.

அடுத்துப் புறாக்கள் வந்தன, கூட்டமாக. கூட்டத்தைக் கண்டதும் கம்பத்துக்கு நெஞ்சு விம்மியது. எவ்வளவு காலமாயிற்று. நேர்காணலையே மறந்துவிட்டு, "அன்பான தோழர்களே" என்று ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து எதிரே தானியக் கடையின் ஷட்டர் மேலே ஏறியது. வாக்கியம் முடிவதற்குள் ஒரு புறாவும் இல்லை.

"விடப்பா. ஒனக்குப் பழக்கம்தான?" என்றது டிரான்ஸ்பார்மர்.

மூன்றாவதாக வந்தது நேர்காணலுக்கு வரவில்லை. சும்மா வந்தது. செவலை நிறத்தில் ஒரு தெரு நாய். இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கியது. பீடத்தைச் சுற்றி மோந்து பார்த்தது. பிறகு நிதானமாகக் காலைத் தூக்கியது.

"டேய். அது தியாகிகள் பெயர் பொறித்த கல்" என்று கம்பம் அதட்டியது.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. மோந்து பாக்கத்தான் தெரியும்" என்றது நாய், காரியத்தை முடித்துக்கொண்டே.

"இது அவமதிப்பு."

"ஐயய்ய. இது கையெழுத்துங்க. நான் வந்தேன், இருக்கேன், நாளைக்கும் வருவேன்னு அர்த்தம். மதிக்காத எடத்துல எவனும் கையெழுத்துப் போடுவானா?"

டிரான்ஸ்பார்மர் முனகலை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கம்பம் யோசித்தது. பெருவிரலைக் கன்னங்கரேல் என்று மையில் தோய்த்துச் சங்கத்தில் சேர்ந்தவர்களை அது பார்த்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் கடைசிவரை நின்றார்கள். படித்தவர்கள் விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சரி, தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறேன். என்னைத் தோழர் என்று கூப்பிட வேண்டும்."

"சரிங்க தோழரே."

"'ங்க' வேண்டாம்."

"சரி தோழரே. நான் இங்கன படுத்துக்கிறவா?"

அங்கம்மாள் நாய்க்கு வைத்த பெயர் செவலை. கம்பமும் அப்படியே கூப்பிட்டது.

அன்றிலிருந்து கம்பத்தின் பொழுதுக்குக் கை கால் முளைத்தது. முன்பெல்லாம் காலை என்றால் வெயில் ஏறும், மாலை என்றால் வெயில் இறங்கும், அவ்வளவுதான். இப்போது செவலை வரும் நேரம் என்று ஒன்று இருந்தது. பீடத்தின் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே நகர நகர, செவலையும் எழுந்து எழுந்து நகர்ந்து படுத்தது. வெறும் நிழல் என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது இன்னொருவருக்கு இடமாக இருக்கிறது என்பது கம்பத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலைநிறுத்தக் கதைகளைச் சொன்னது. செவலை முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்டது. ஒரே கதையை மறுநாள் சொன்னாலும் அதே முகத்தோடு கேட்டது. நடுவில் தூங்கிவிட்டாலும் குறட்டையின் தாளம் கதைக்கு ஒத்துப்போயிற்று.

அங்கம்மாள் பீடத்தின் ஓரம் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாள். சட்டி வந்ததும் ஆட்கள் வந்தார்கள். கொடியைப் பார்க்க நிற்காதவர்கள் நாயைப் பார்க்க நின்றார்கள்.

உடைந்த சங்கத்தின் இந்தப் பாதியைச் சேர்ந்த தவசி ஒருநாள் உட்கார்ந்து செவலையின் காதில் உண்ணி பிடுங்கினார். அந்தப் பாதியைச் சேர்ந்த கருத்தப்பாண்டி டீ கிளாசோடு பின்னால் வந்து நின்றார். சங்கம் உடைந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"உண்ணிய அப்பிடிப் புடுங்கக் கூடாது. தல உள்ளயே நின்னுக்கிரும்" என்றார் கருத்தப்பாண்டி, நாயைப் பார்த்து.

"எங்களுக்குத் தெரியும்" என்றார் தவசி, அவரும் நாயைப் பார்த்து.

"தெரிஞ்ச லச்சணம்தான் தெரியுதே. ரத்தம் வருது. வேப்பெண்ணெயத் தடவுனா தானா விழுந்துரும்."

"வேப்பெண்ணெய நான் என்ன மடியிலயா கட்டிட்டுத் திரியுறேன்?"

மறுநாள் கருத்தப்பாண்டி ஒரு சின்ன பாட்டிலில் வேப்பெண்ணெய் கொண்டுவந்தார். தவசி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கம்பத்தின் அடியில் துரு தின்று தகடு பிசிறியிருந்ததைக் கருத்தப்பாண்டி கண்டார். "இது நாயி மூக்குல கிழிச்சிரும்" என்று உப்புத்தாள் வாங்கிவந்து இருவரும் தேய்த்தார்கள். நாய்க்காகத்தான் தேய்த்தார்கள் என்பதைக் கேட்காததுபோல் கம்பம் நின்றது. யாரோ தன்மேல் கை வைத்து எவ்வளவு காலமாயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டது.

இது தெற்கு மூலைக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஒரு பெரிய கட்சியின் எவர்சில்வர் கம்பம் இருந்தது. புதுசு. வெயிலில் கண்ணைப் பறிக்கும்.

"ஏ பெருசு, ஒன் ஆளு தெனமும் எனக்கும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போறான். தெரியும்ல?" என்றது எவர்சில்வர்.

கம்பத்துக்கு உச்சியிலிருந்து அடிவரை சுருக்கென்றது. மறுநாள் காலையில் கவனித்தது. செவலை வந்தது, கையெழுத்துப் போட்டது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டே தெருவைக் கடந்து எவர்சில்வருக்குப் போட்டது. தபால் பெட்டிக்குப் போட்டது. டிரான்ஸ்பார்மரின் காலுக்கும் போட்டது. திரும்பி வந்து நிழலில் படுத்தது.

"தெற்கு மூலைக்குப் போனாயா?" என்று கம்பம் விசாரணையைத் தொடங்கியது.

"போனேன் தோழரே."

"மறைக்கக்கூட இல்லை."

"எதுக்கு மறைக்கணும்? இன்னைக்குப் போனேன், நேத்துப் போனேன், நாளைக்கும் போவேன்."

"இதற்குப் பெயர் இரட்டை உறுப்பினர்."

"அது என்ன?"

"அங்கேயும் கையெழுத்து. இங்கேயும் கையெழுத்து."

"அங்க போடுறது, இது எங்க தெரு, வெளித்தெரு நாயி உள்ள வராதேன்னு சொல்றதுக்கு. இங்க போடுறது வேற."

"எந்த விதத்தில் வேறு?"

செவலை இதை யோசித்ததே இல்லை. பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தபடி யோசித்தது. "இங்க போட்டுட்டுப் படுத்துக்கிறேன்ல" என்றது.

அதற்குள் அங்கம்மாள் டப்பாவைத் தட்டினாள். பொறை ரொட்டி போடும் நேரம். செவலை ஓடிவிட்டது. நாய் அந்தப் பக்கம் போனதும் கம்பம் தீர்மானத்தை நிறைவேற்றியது. கட்டுப்பாட்டை மீறி மாற்று முகாமோடு உறவு வைத்த காரணத்தால் செவலை அமைப்பிலிருந்து நீக்கப்படுகிறது, இனி அதனோடு பேச்சுவார்த்தை கிடையாது, பார்வையும் கிடையாது.

"அவன் இல்லாதப்ப முடிவு பண்றியே, யோவ்" என்றது டிரான்ஸ்பார்மர்.

"எங்கள் சங்கத்தில் அப்படித்தான்."

"நாயின்னா நாலு எடத்துல கால் தூக்கத்தான் செய்யும். காலத் தூக்காத நாயி வேணும்னா சிமெண்டுல செஞ்சு பக்கத்துல வச்சுக்க. அதுக்கு உண்ணியும் வராது."

"கொள்கை என்று ஒன்று இருக்கிறது."

"இருக்கட்டும். அது வந்து ஒன் நெழல்ல படுக்குமா?"

கம்பம் முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டது.

வானத்தில்தான் பருந்து இருந்தது. கறிக்கடைகளுக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, ஒருநாள் இறங்கிக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்தது. அகன்ற தோள், வளைந்த அலகு, யாரையும் சட்டை செய்யாத கண். இதுவல்லவா பிராணி என்று கம்பத்துக்குத் தோன்றியது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது பருந்தைத்தான். ஆனாலும் பார்வை தன் வழியாகத்தானே ஏறிப் போகிறது என்று கம்பம் மகிழ்ந்தது.

"உன்னை வளர்க்க விரும்புகிறேன்" என்றது.

"நான் யாருக்கும் வளப்பு இல்ல. ஒன் உச்சி எனக்குச் சௌரியம். அவ்வளவுதான்" என்றது பருந்து.

இதுவும் ஒரு கம்பீரம் என்று கம்பம் எடுத்துக்கொண்டது. வேலைநிறுத்தக் கதையை ஆரம்பித்தால் பருந்து பாதியில் பறந்துவிடும். தின்ற எலும்பைக் கீழே போடும். கூடு கட்டத் துணி வேண்டும் என்று கொடியைக் கிழித்தது, முதலில் ஓரத்தை, பிறகு நடுவை. "நானே கொடுத்தேன்" என்று கம்பம் டிரான்ஸ்பார்மரிடம் சொன்னது. டிரான்ஸ்பார்மர் முனகியது.

கீழே எப்போதாவது சலசலவென்று சத்தம் கேட்கும். எவனோ ஒரு போக்கிரி என்று கம்பம் நினைத்துக்கொள்ளும். குனிந்து பார்க்காது. நீக்கியவன் கீழே பார்ப்பது அழகல்ல.

கறிக்கடைகளை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். பருந்தும் போயிற்று. போகிறேன் என்று ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகுதான் பகல்கள் நீண்டன. எதிரே அங்கம்மாள் "செவல, இந்தா" என்று கூப்பிடும் சத்தம் வரும். கம்பத்துக்கு உடம்பெல்லாம் காதாகிவிடும். தானும் ஒரு குரல் கொடுத்தால் என்ன? ஆனால் எப்படிக் கொடுப்பது? நீக்கிய ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டதாகச் சங்க வரலாற்றிலேயே இல்லை. எல்லாரும் ஊருக்குள்தான் இருந்தார்கள், ஒரு கூப்பிடு தூரம்தான், யாரும் கூப்பிடவில்லை. கம்பமும் கூப்பிடவில்லை. செவலை தன்னை மறந்து தெற்கு மூலையோடு போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கோபம் வரும். கோபம் வந்தால் பொழுது போகும்.

அந்த நேரத்தில் பொது இடங்களில் நிற்கும் கொடிக்கம்பங்களை எல்லாம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நகராட்சி டிராக்டர் வந்தது. கேஸ் கட்டரோடு ஆட்கள் இறங்கினார்கள்.

"மொதல்ல இந்தப் பழச அறுங்கப்பா. இது ஒரு இழுப்புல வந்துரும்" என்றார் மேஸ்திரி.

அங்கம்மாள் ஓடிவந்து என்னவோ கத்தினாள். கட்டரின் இரைச்சலில் கம்பத்துக்குக் கேட்கவில்லை. அடியில் நெருப்புப் பட்டது. கம்பம் சாய்ந்தது. கொடி என்று சொல்ல ஒரு நூல்தான் கயிற்றில் மிச்சம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நகராட்சிக் கிடங்கின் முற்றத்தில் எல்லாக் கம்பங்களையும் குவியலாகப் போட்டார்கள். எல்லாக் கட்சிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. படுத்துவிட்டால் எது உயரம் என்று சொல்ல முடியவில்லை. எவர்சில்வரும் பக்கத்தில்தான் கிடந்தது. முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு கிடந்தது. உரியவர்கள் வந்து எடுத்துப் போகலாம் என்றார்கள்.

எவர்சில்வரின் ஆட்கள் மறுநாளே மாலையோடும் மினி லாரியோடும் வந்தார்கள். "ஒன் ஆளுகளும் வந்துருவாக பெருசு" என்று சொல்லிவிட்டு அது போயிற்று. ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் முற்றத்தில் இந்தக் கம்பமும், உடைந்த தள்ளுவண்டிகளும், சில பழைய குப்பைத்தொட்டிகளும் மிஞ்சின.

கிடங்குக் காவலர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு சங்கத்துக்கும் சொல்லியாச்சு சார். அவுகளக் கேட்டா இவுக கம்பம்ங்கிறாக. இவுகளக் கேட்டா அவுக கம்பம்ங்கிறாக. இன்னைக்கு உருக்காலை லாரி வருது. ஏத்தி விட்ர வேண்டியதுதான்."

கம்பத்துக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நெருப்புக்கு அது பயப்படவில்லை. நீராவி பார்த்த இரும்பு. ஆனால் இது இன்னாருடையது என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போவதை அதனால் தாங்க முடியவில்லை. வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தது. யாரும் வரவில்லை.

சுவரோரம் சாக்கடை போகும் ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு கிழிந்த காது. பிறகு சேறும் சகதியுமாக ஒரு செவலை உடம்பு.

நாய் ஒவ்வொன்றாக மோந்துகொண்டு வந்தது. தள்ளுவண்டியை மோந்தது, தாண்டியது. குப்பைத்தொட்டியை மோந்தது, தாண்டியது. கம்பத்தின் அறுபட்ட அடிமுனைக்கு வந்து நின்றது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. வால் ஆடத் தொடங்கியது.

"இங்கனயா கிடக்கீக தோழரே?"

கம்பம் பேசவில்லை. பேசக் கூடாது. சிறிது நேரம் வழக்கத்தைக் காப்பாற்றியது. பிறகு, "உன்னோடு நான் பேசக் கூடாது" என்றது.

"ஏன், தொண்டை சரியில்லையா?"

"உன்னை நீக்கிவிட்டேன்."

"எப்போ?"

"பருந்து வருவதற்கு முன்னால்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சந்திக்கே கேட்கும்படி அறிவித்தேன்."

செவலை தலையைச் சாய்த்து யோசித்தது. "பொறை தின்னுக்கிட்டு இருந்திருப்பேன். அப்ப ஒண்ணும் கேக்காது எனக்கு."

"அதற்குப் பிறகு நீ வரவே இல்லை."

"தெனமும் வந்தேனே" என்றது செவலை. "நீங்க மேலயே பாத்துக்கிட்டு இருந்தீக. பருந்தோட ஏதோ முக்கியமான பேச்சு நடக்குதுன்னு நெனச்சேன். நாம எதுக்குக் குறுக்கேன்னு கையெழுத்தப் போட்டுட்டுச் சத்தமில்லாமப் படுத்துக்குவேன். மெசினு வந்த அன்னைக்கும் அங்கனதான் படுத்திருந்தேன். அங்கம்மாக்காதான் தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு. இல்லன்னா வாலு போயிருக்கும்."

கம்பம் தான் பேசிய கூட்டங்கள், போட்ட தீர்மானங்கள் எல்லாவற்றிலும் தேடிப் பார்த்தது. இதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு வாசகமும் அகப்படவில்லை.

செவலை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உடம்பை உதறிச் சேற்றைத் தெறிக்கவிட்டது. படுப்பதற்கு இடம் பார்த்து, வெயில் பட்டுக் கொதித்துக்கொண்டிருந்த இரும்பின் மேல் சாயப் போனது.

"தோழர்" என்றது கம்பம். "அங்கே வேண்டாம், சுடும். இந்தப் பக்கம் வாருங்கள். கொஞ்சம் நிழல் இருக்கிறது."

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. காவலர் கேட்டைத் திறக்க ஓடினார். கம்பம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாய் சரியாகப் படுத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.